சிவப்புப் பட்டியலும் நாற்பது பக்க நோட்டும்

நயினார்கோவில் வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பள்ளி இருக்கும் ஊர்ப் பெயரும் வேண்டாமாம். ஹெச்.எம். என்றே வைத்துக்கொள்வோம். ஊரும் இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறது. பள்ளிக்கூட நிர்வாகத்துக்குள் செயற்கை நுண்ணறிவு வந்தால் தலைமையாசிரியர் வேலை என்னவாகும் என்று கேட்கத்தான் பரமக்குடியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கேள்வியைப் பொறுமையாகக் கேட்டார். பதில் சொல்லவில்லை. உள்ளே போய் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துவந்து மேசையில் போட்டார்.

அட்டையில் கல்வியாண்டு மட்டும் எழுதியிருந்தது. உள்ளே ஸ்கேல் வைத்து அடித்த கோடுகள், நான்கு பத்திகள்: பெயர், வகுப்பு, ஏன், யாரிடம். பெயரை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் வாசித்துக் காட்டினார். ‘ஒன்பது ஆ, மிளகாய், அப்பத்தா.’ ‘பத்து அ, கரிமூட்டம், டீக்கடைக்காரர்.’ ‘ஒன்பது அ, தம்பிப் பாப்பா, சத்துணவு அம்மா.’ ‘பத்து ஆ, பஸ், டெப்போ.’ ஒரு வரியில் ‘ஏன்’ என்ற இடம் காலியாக இருந்தது. ‘யாரிடம்’ என்ற இடத்தில் மூன்று பேர் எழுதப்பட்டு மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன.

“ஏன் வரலைங்கிறது ஊருக்கே தெரியும் தம்பி. யாருகிட்டப் பேசுனா திரும்ப வரும்ங்கிறதுதான் ஹெச்.எம். வேலை” என்றார்.

இந்த நோட்டுக்கு எதிரில் வைத்துப் பார்க்க வேண்டிய பட்டியல் ஒன்று விசாகப்பட்டினத்தில் உருவானது. படிப்பைப் பாதியில் விடப்போகும் பிள்ளைகளை முன்கூட்டியே அடையாளம் காட்டும் மென்பொருளை ஆந்திர அரசு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. பிள்ளை ஆணா பெண்ணா, குடும்பத்தின் நிலைமை என்ன, மதிப்பெண் எவ்வளவு, பள்ளியில் என்னென்ன வசதி உண்டு, ஆசிரியர்களின் திறன் எப்படி என்று கையில் இருந்த தரவையெல்லாம் அதற்குள் போட்டார்கள். பழைய ஆண்டுகளில் நின்றுபோனவர்களின் சாயல் இப்போது படிப்பவர்களில் யாரிடம் தெரிகிறது என்று அது தேடியது. 2018-19 கல்வியாண்டுக்கு விசாகப்பட்டினம் மாவட்ட அரசுப் பள்ளிகளில் மட்டும் சுமார் 19,500 பேர் நின்றுவிடக்கூடும் என்று பட்டியல் கொடுத்தது. பள்ளி நிர்வாகத்துக்குச் செயற்கை நுண்ணறிவைப் பெரிய அளவில் கொண்டுவந்த இந்திய முயற்சிகளில் இதுவும் ஒன்று.

நோட்டில் முப்பது நாற்பது பெயர், பட்டியலில் 19,500. நோட்டு ஒரு மனிதரோடு ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்துவிட்டது. பட்டியலுக்கு மாறுதல் கிடையாது, மெடிக்கல் லீவு கிடையாது. ஹெச்.எம். பணியிடம் காலியாகிப் பொறுப்பு ஆசிரியரை வைத்து வண்டி ஓடுகிற பள்ளிக்கும் பட்டியல் வந்து சேரும். இதையெல்லாம் முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். எல்லா ஹெச்.எம்.மும் நோட்டு போட்டவர்கள் இல்லை. நோட்டு போட்டவர் கண்ணுக்கும் எல்லாப் பிள்ளையும் பட்டுவிடாது. ஹெச்.எம்.மே ஒரு சம்பவம் சொன்னார். பத்தாம் வகுப்பில் ஒரு பெண், ஒரு நாள்கூட லீவு போடாதவள், வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அரையாண்டு விடுமுறை முடிந்து வரவில்லை. விசாரித்தால் கல்யாணம் முடிந்திருந்தது. “அவ பேரு என் நோட்டுல இல்ல” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இயந்திரம் அவளைப் பிடித்திருக்குமா? வருகை நூற்றுக்கு நூறு, மதிப்பெண் எண்பதுக்கு மேல். எனக்குத் தெரிந்தவரை அது அவளுக்குப் பச்சைதான் காட்டியிருக்கும்.

நயினார்கோவிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் 11 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று, பரமக்குடி தாலுகா. நாகநாதசுவாமி கோயிலால் வந்த பேர். வாய் பேசாத ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை சந்நிதியில் ‘நயினார்’ என்று வாய் திறந்தாள் என்று தலபுராணம் சொல்வார்கள். முஸ்லிம் குடும்பங்களும் வேண்டுதலோடு வந்துபோகிற சிவன் கோயில் அது. ஊரைச் சுற்றிக் கண்மாய்கள், கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் வானம் பார்த்த பூமி. நெல்லுக்கு அடுத்து மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாவட்டமே சந்தோஷப்பட்டது. அந்த மிளகாய் தை, மாசியில் பழுக்கத் தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை பழம் எடுப்பு இருக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் அதே பங்குனியில். பழம் பறிக்க, களத்தில் பரப்ப, சாயங்காலம் அள்ளிக் குவிக்க வீட்டில் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பெண்.

மிளகாய் இல்லாத இடத்தில் சீமைக்கருவேலம். வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்குகிற வேலைக்குக் குடும்பமே போய்த் தங்கிவிடும். பெயர் இங்கே பள்ளி ரோலில் இருக்கும், பிள்ளை வேறு தாலுகாவில் மூட்டத்துப் புகையில் இருக்கும்.

இதே மாவட்டத்தின் கடற்கரைக்குப் போனால் கதை வேறு. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்புவதும் பள்ளி திறப்பதும் ஒரே ஜூன் மாதத்தில். ஒன்பதாவதில் தோற்றுவிடுவோமோ என்று பயந்த பையனுக்குப் படகில் இடம் காத்திருக்கும். ஆக, ஒரே மாவட்டத்தில் நயினார்கோவில் பிள்ளை மாசியில் தொலைகிறது, கடற்கரைப் பிள்ளை ஆனியில் தொலைகிறது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே கணிப்பு போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு சராசரியாகிவிடும். அந்தச் சராசரி மாதத்தில் இரண்டு இடத்திலும் பிள்ளைகள் வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள். (ராமநாதபுரத்தில் உட்கார்ந்து கல்வியைப் பற்றி எழுதினால் அப்துல் கலாம் உதாரணம் சொல்லாமல் முடிக்கக் கூடாது என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. இம்முறை அவருக்கு ஓய்வு கொடுக்கிறேன்.)

பட்டியலும் டாஷ்போர்டும் இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 2018இல் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும். அன்றுமுதல் சுகாதாரம், கல்வி, விவசாயம் எல்லாவற்றுக்கும் எண்ணும் தரவரிசையும் வந்தன. பள்ளிக்குள் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளமும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். சேர்க்கை, வருகை, மாறுதல், உயரம், எடை, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த எண்ணின் கீழே. டி.சி. வாங்கிய பிள்ளை வேறு பள்ளியில் சேரும்வரை ‘காமன் பூல்’ என்ற இடத்தில் கிடக்கும். பெயரைக் கேட்டால் எனக்கு ஊருணிதான் ஞாபகம் வரும். அந்தக் குளத்தில் ஒரு பிள்ளை அதிக நாள் கிடந்தால் இடைநின்றதாகக் கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய தீனி தமிழ்நாட்டில் இப்படி ஆண்டாண்டாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. இனி அதன்மேல் ஒரு கணிப்பு மென்பொருளை ஏற்றி வைப்பது பெரிய விஷயமே இல்லை.

அதற்கு முன்னால் 2023 மார்ச் 13ஐ நினைத்துப் பார்ப்பது நல்லது. அன்று பிளஸ் டூ தமிழ்த் தேர்வு. பதிவு செய்திருந்தவர்களில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் வரவில்லை. சட்டமன்றம்வரை பேச்சு போனது. கொரோனாக் காலத்தில் தேர்வு இல்லாமலேயே மேல் வகுப்புக்கு ஏற்றிவிடப்பட்டவர்கள், நடுவில் வேலைக்குப் போய்விட்டவர்கள், ரோலில் மட்டும் இருந்தவர்கள் என்று ஒவ்வொன்றாகக் காரணம் வெளியே வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டி, வராதவர்களைத் தேடிப் பிடித்துத் துணைத்தேர்வுக்காவது கொண்டுவருமாறு அரசு சொன்னது.

விசாகப்பட்டினத்தில் இயந்திரம் முன்கூட்டியே சொன்னது. தமிழ்நாட்டில் கேள்வித்தாள் விநியோகிக்கும்போதுதான் தெரிந்தது. அப்படியானால் விசாகப்பட்டினத்து இயந்திரம் இங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்குமே என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஹெச்.எம். சிரித்தார்.

“அம்பதாயிரம் பேரும் அன்னைக்குக் காலையிலயா காணாமப் போனாங்க? கிளாஸ் டீச்சருக்குத் தெரியாதா? ரோல்ல பேர் இருக்கும். எடுத்தா ஏன் எடுத்தேன்னு அன்னைக்கே கேள்வி. விட்டுவச்சா பரீட்சை அன்னைக்குத்தான் கேள்வி. நீங்களா இருந்தா எதைச் செய்வீக?”

இதில் பொய் சொன்னவர் என்று யாரையும் காட்ட முடியாது. கட்டாயக் கல்விச் சட்டத்துக்குப் பின் எட்டாவதுவரை பெயரை நீக்க மனசு வராது. ஒன்பதாவதுக்கு மேலும், நாளை திரும்பி வந்தால் சேர்க்கைக்கு அலைய வேண்டுமே என்ற இரக்கம் உண்டு. இரக்கத்தோடு பயமும் சேர்ந்துகொள்ளும். இப்படி ஆயிரம் பள்ளிகளில் ஆயிரம் காரணத்துக்காக விட்டுவைத்த பெயர்கள்தான் தரவாகின்றன. அந்தத் தரவில் பாடம் படிக்கிற இயந்திரம், மூட்டத்தில் நிற்கிற பிள்ளையை வகுப்பில் இருக்கிற பிள்ளை என்றே கற்றுக்கொள்ளும். தலைமையாசிரியர் பயமில்லாமல் ‘வரவில்லை’ என்று எழுதக்கூடிய ஓர் ஏற்பாடு இல்லாதவரை, மேலே எத்தனை புத்திசாலியான மென்பொருளை ஏற்றினாலும் கீழே இருப்பது அந்த ரோல்தான்.

தரவு சுத்தமாக இருந்தால்? அந்தக் கேள்விக்கு விடை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிடைக்கிறது. அங்கே 2012 வாக்கில் தொடங்கிய முன்னெச்சரிக்கை முறை ஒன்று பத்தாண்டுக்கும் மேல் ஓடியது. நடுநிலை வகுப்பு மாணவர்கள் ஒவ்வொருவரும் உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிப்பார்களா என்று மதிப்பெண், வருகை, ஒழுங்கு நடவடிக்கை, குடும்ப வருமானம், இனம் எல்லாவற்றையும் பார்த்துக் கணிக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. நம்முடைய ஹெச்.எம். நோட்டில் ‘ஏன்’, ‘யாரிடம்’ என்று இருந்த இடத்தில் அங்கே ஒரு நிறம்.

2023இல் தி மார்க்அப் என்ற புலனாய்வு இதழ் அதைத் தோண்டிப் பார்த்தது. ‘இந்தப் பிள்ளை முடிக்காது’ என்று இயந்திரம் சொன்னதில் ஏறக்குறைய நான்கில் மூன்று தடவை தவறு. அந்தப் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். வெள்ளை மாணவர்களைவிடக் கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள்மீது இந்தத் தவறான சிவப்பு அதிகமாக விழுந்திருந்தது. அதே ஆண்டில் வந்த ஓர் ஆய்வு இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தது. யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசைப்படுத்துவதில் இயந்திரம் மோசமில்லை என்றது. ஆனால் அந்தக் கணிப்பால் படிப்பை முடித்தவர்களின் எண்ணிக்கை கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. மேலும் ஒன்று: பிள்ளையின் தனிப்பட்ட விவரங்கள் பெரிதாக எதையும் கூட்டித் தரவில்லை, எந்தப் பள்ளி, எந்தச் சூழல் என்பதை வைத்தே அதே அளவு சொல்லிவிடலாம்.

அந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். பிள்ளை பிள்ளையாகப் பிரித்து நிறம் பூசியதற்கு அவசியமே இருந்திருக்காது, கஷ்டப்படுகிற பள்ளி எது என்று பார்த்து அந்தப் பள்ளி முழுவதற்கும் செய்திருந்தால் போதும் என்று இயந்திரத்தின் சொந்தக் கணக்கே சொல்கிறது. தமிழ்நாட்டுக்காரருக்கு இது தெரிந்த கதை. இங்கே இடைநிற்றலுக்கு மருந்து தேடியபோது யாரும் பட்டியல் போடவில்லை. 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும், எந்தப் பிள்ளை பசியால் நிற்கும் என்று கணித்துத் தட்டு வைக்கவில்லை. பள்ளிக்கு வந்த பிள்ளைக்குச் சோறு. பஸ் பாஸ் வந்தது, மேல்நிலைப் பிள்ளைக்குச் சைக்கிள் வந்தது. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டமும் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கெல்லாம் மாதம் ஆயிரம் ரூபாய் என்றது. ஹெச்.எம்.மின் நோட்டில் தப்பிய அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணின் வீட்டில், இயந்திரத்தின் சிவப்பு விளக்கைவிட இந்த ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் பேச வாய் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆந்திரமும் கடைசியில் அந்த வழிக்குத்தான் வந்தது. 2020 ஜனவரியில் தொடங்கிய அம்ம ஒடி திட்டம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்றது. ஆட்சி மாறியது, திட்டத்தின் காரணமும் அரசியலும் வேறு. இருந்தாலும் விசாகப்பட்டினத்துப் பட்டியலையும் அம்ம ஒடியையும் பக்கத்தில் வைத்தால், ஒன்று பிள்ளையைக் காட்டியது, மற்றது தாயின் கையில் பணத்தை வைத்தது.

அப்படியானால் பட்டியலே வேண்டாமா? எல்லாருக்கும் சோறு, எல்லாருக்கும் சைக்கிள் என்ற பிறகும் மிளகாய்க் களத்தில் ஒரு பெண் மிச்சமிருப்பாள். அவளுக்குத்தான் நாற்பது பக்க நோட்டு. அந்த இடத்தில் இயந்திரம் கண்ணில் படாததைக் காட்டலாம்: திங்கட்கிழமைதோறும் வராத பிள்ளை, மதியம் மட்டும் காணாமல்போகும் பிள்ளை. பழைய வருகைப் பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ச் சாய்கோடு, இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. பாதிப் பெருக்கல் குறிகள் எந்த வரிசையில் அதிகம் என்று ஹெச்.எம். பதிவேட்டைத் திருப்பியே சொல்லிவிடுவார். அறுநூறு பிள்ளை இருக்கிற பள்ளியில் அது முடியாது. அங்கே இயந்திரம் ஒரு நல்ல குமாஸ்தா.

ஆனால் எந்தத் தரவைக் கொடுத்து அதை வளர்க்கிறோம் என்பதில் இந்தப் பக்கத்துக்கென்று ஓர் ஆபத்து உண்டு. விஸ்கான்சினில் இனம் என்ற பத்தி செய்ததை இங்கே செய்ய எமிஸில் சமுதாயம் என்ற பத்தி காத்திருக்கிறது. பரமக்குடி வட்டாரத்தில் இருவேறு சமுதாயத் தலைவர்களின் நினைவு நாட்களான செப்டம்பர் 11ஐயும் அக்டோபர் 30ஐயும் ஒட்டிய நாட்களில் தடையுத்தரவு, பேருந்துக் கெடுபிடி, போலீஸ் கூடாரம் எல்லாம் வருஷாவருஷம் பழகிப்போனவை. அந்த வாரங்களில் எந்தக் கிராமத்துப் பிள்ளைகள் வர மாட்டார்கள் என்று தலைமையாசிரியருக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். எந்த பஸ் எந்த வழியாகப் போகாது என்பதுதான் காரணம். இயந்திரத்துக்கு பஸ் தெரியாது. ஊரும் சமுதாயமும் வருகையும்தான் தெரியும். மூன்றையும் சேர்த்து அது கண்டுபிடிக்கும் ‘உண்மை’ என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாங்குநேரியில் சாதியின் பேரில் மாணவன் தாக்கப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கவே கூடாது என்று பரிந்துரைத்தது. ஆசிரியரின் கண்ணிலிருந்து அந்தப் பத்தியை எடுத்துவிட்டு இயந்திரத்தின் கண்ணுக்கு மட்டும் காட்டுவது என்ன நியாயம் என்று யாராவது கேட்க வேண்டும். அரசின் பக்கம் சொல்ல ஒன்று இருக்கிறது: 2020இலேயே பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று தமிழ்நாடு ஒரு கொள்கையை வெளியிட்டது. பொதுமக்களைத் தொடும் எந்த இயந்திரத்தையும் நியாயம், வெளிப்படைத்தன்மை, தனியுரிமை போன்றவற்றில் மதிப்பெண் போட்டுப் பார்த்துத்தான் இறக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளைக்கு நிறம் பூசும் முன் மென்பொருளுக்கு அந்தப் பரீட்சை வைக்க வேண்டும்.

2020ஐச் சொன்னதும் இன்னொரு ஜோடி ஞாபகம் வருகிறது. கொரோனாவால் தேர்வு நடக்காத அந்த ஆண்டில் இங்கிலாந்தில் ஏ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வு மாணவர்களுக்கு ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டை, பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாற்றைக் கொண்டு ஒரு கணினி நிரல் திருத்தியது. ஆகஸ்ட் 13இல் முடிவு வந்தது. ஏறக்குறைய 40 சதவீத கிரேடுகள் ஆசிரியர் கொடுத்ததைவிடக் கீழே இறங்கியிருந்தன. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். 17ஆம் தேதி அரசு பின்வாங்கியது. அதே 2020 ஜூனில் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்றார்கள். முரட்டுக் கணக்கு. காலாண்டில் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அநியாயம்தான். இருந்தும் அந்தக் கணக்கை ஹெச்.எம். பள்ளி வாசலில் நின்று ஒரு தகப்பனிடம் விரல்விட்டுச் சொல்ல முடிந்தது. ‘இவ்வளவு எடுத்தான், இத்தனை நாள் வந்தான், அதனால இது.’ இங்கிலாந்துத் தலைமையாசிரியருக்கு வாசலில் நின்று சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கே தெரியாது.

எதிர்காலத்தில் தலைமையாசிரியர் நாற்காலிக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டால், நான் இந்த வாசலைத்தான் சொல்வேன். தகப்பனுக்கு விளக்க முடியாத எந்தக் கணிப்பின் பேரிலும் ஹெச்.எம். கையெழுத்துப் போடக் கூடாது. பட்டியலை ஏற்கவில்லை என்றால் ஏற்கவில்லை என்று காரணத்தோடு எழுதிவைக்கும் உரிமை அவருக்கு வேண்டும். அப்படி எழுதியதற்காக மீட்டிங்கில் எழுப்பி நிற்கவைக்கப்படாத பாதுகாப்பும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில், சேர்க்கை, மாணவர் மதிப்பீடு போன்ற கல்விப் பயன்பாடுகள் பல ‘அதிக ஆபத்து’ வகையில் வருகின்றன. வகுப்பறையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை அளக்கும் கருவிக்கு மருத்துவம், பாதுகாப்பு தவிர மற்றெதற்கும் தடையே போட்டுவிட்டார்கள். நம்மூரில் முகத்தைப் பார்த்து வருகை போடும் கருவி 2018லேயே சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் சோதனைக்கு வந்தது. அதைத் திறந்துவைத்த விழாவில் எல்லார் முகத்திலும் சந்தோஷம்தான்.

இப்போது போகிற போக்கைப் பார்த்தால் வேலைப் பங்கீடு தலைகீழாக இருக்கும்போல் தெரிகிறது. விவரம் நிரப்புவது தலைமையாசிரியர், முடிவு சொல்வது இயந்திரம். ஆசிரியர் இயக்கங்கள் பதிவேற்ற வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பது இன்று நேற்றா? சீருடை அளவு, காலணி அளவு, வங்கிக் கணக்கு, கூட்ட நடவடிக்கை, போட்டோ, மீண்டும் அதே விவரம் வேறு படிவத்தில். இயந்திரத்துக்கு உகந்த வேலை இதுதான். ஒரு தடவை கொடுத்த விவரத்தைப் பத்துப் படிவத்துக்கும் அதுவே எடுத்து நிரப்பட்டும். கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும்போது டைம் டேபிளை மாற்றிப் போடட்டும். மேலே கேட்கும் கடிதத்துக்குப் பதில் வரைவு எழுதட்டும். ஹெச்.எம்.மிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

“அப்படி வரட்டும் தம்பி. வந்து முதல்ல டேபிள்ல கிடக்கிற பேப்பரை எடுத்துக்கிட்டுப் போகட்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் மிச்சமாகும்ல. அந்த ஒரு மணி நேரத்துலதான் நான் அப்பத்தாவைப் பார்க்கப் போனேன்.”

அந்த ‘ஒன்பது ஆ, மிளகாய், அப்பத்தா’ என்ன ஆயிற்று என்று கேட்டேன். கண்மாய்க் கரையோரம் டூவீலர் போகாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டுமாம். களத்தில் சிவப்பாகப் பரப்பியிருந்தது. அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை. பழத்தில் சோடை எது, நல்லது எது என்று பிரிக்கத் தெரியவில்லை. பேத்தி இல்லாமல் நடக்காது. பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பரமக்குடியில் கண் முகாம் என்றைக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். முகாமுக்குக் கூட்டிப்போக ஆள் அவரே ஏற்பாடு செய்தார். புரை எடுத்த மூன்றாவது வாரம் பேத்தி வந்துவிட்டாள். நோட்டில் அந்த வரிக்கு எதிரே சின்னதாக ஒரு டிக்.

எந்த மென்பொருளுக்கும் தரவாகக் கிடைக்காத வரி அது. கட்டுரைக்கு ஒரு படம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று போனை எடுத்தேன். அவர் நோட்டை மூடிவிட்டார்.

“பேரை மறைச்சுட்டு எடுத்துக்கிறேன் சார்.”

“பேரை மறைச்சு என்ன தம்பி? ஒன்பது ஆ, மிளகாய், அப்பத்தா. இந்த மூணு போதும். எங்க ஊர்ல யாருகிட்டயாச்சும் காட்டுங்க, எந்த வீடுன்னு சொல்லிருவாக.”

இந்த மூன்று சொல்லையும் எழுதவாவது செய்யலாமா என்று கேட்டேன். யோசித்தார். நோட்டை மறுபடி திறந்து, பக்கத்தைப் புரட்டி, அந்த வருஷத்தைப் பார்த்தார்.

“வகுப்பையும் காரணத்தையும் மாத்திப் போட்டுக்கங்க” என்றார். மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.